இணைந்த நிறுவனங்களும் இணையாத விமானிகளும்: எயர் இந்தியா சேவைமூப்புப் பிணக்கு – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூலதனம், சொத்து, கடன், இலாபநட்டம் என்பவற்றையே பேசிச் செல்வர். அந்நிறுவனங்களில் உழைத்த மனிதர் எவ்வாறு இணைந்தனர், அல்லது இணைய மறுத்தனர் என்ற வினா அவ்வெழுத்துக்களில் இரண்டாம் இடத்தையே பெறுகின்றது. ஆயினும், ஓர் இணைப்பு நிலைபெறுவதும் தடுமாறுவதும் பெரிதும் இவ்வினாவின் விடையிலேயே தங்கியுள்ளன. 2007 ஆம் ஆண்டில் இந்திய அரசு தன் உடைமையாயிருந்த இரு விமான நிறுவனங்களை ஒன்றாக்கியதைத் தொடர்ந்து விமானிகளிடையே முற்றிய சேவைமூப்புப் பிணக்கு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அப்பிணக்கின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து, இரு திறத்தார் கூற்றுக்களிலும் உள்ள நியாயத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் கீழைக் கரையோரத்து வாசகருக்கு இது தொலைவிலுள்ள செய்தியாகத் தோன்றலாம். ஆனால், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் பலர். ஹஜ் கடமைக்காகச் செல்வோரும் இன்று விமானத்திலேயே செல்கின்றனர். விமானசேவையொன்று தடைப்படின் அதன் சுமை இறுதியில் யார் தலையில் விழும் என்பதை இவ்வூர்க் குடும்பங்கள் அறியும். அதற்கும் மேலாக, முந்தியவன் எவன், பிந்தியவன் எவன் என்ற வழக்கு இப்பகுதியினருக்குப் புதியதன்று. வட்டையில் நீர் பாய்ச்சும் முறை தொடக்கம் அரச அலுவலகத்தில் இடமாற்றமும் பதவியுயர்வும் பெறுவது வரை இவ்வழக்கு பல வடிவங்களில் இங்கு நிகழ்ந்து வருகின்றது.

சேவைமூப்பு என்னும் சொத்து

பொதுவாக, ஒரு தொழிலில் திறமை மிக்கவன் ஓரிடத்தில் அதிருப்தியுற்றால் அதே தரத்தில் வேறோரிடத்துக்குச் செல்லலாம். ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ தம் அனுபவத்தைத் தம்முடன் எடுத்துச் செல்கின்றனர். பெரிய விமான நிறுவனங்களில் தொழில் புரியும் விமானியின் நிலை இதனின்றும் வேறுபட்டதாகும். அங்கு விமானிகள் சேர்ந்த ஒழுங்கில் ஒரு நிரல் பேணப்படுகின்றது. துணை விமானி எப்பொழுது தலைமை விமானியாவார், சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்பொழுது மாறுவார், எந்த நகரைத் தளமாகக் கொள்வார், எந்த மாதத்தில் விடுமுறை பெறுவார், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியேறுவார் என்பனவெல்லாம் அந்நிரலில் அவர் வகிக்கும் இடத்தைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகின்றன. இருபது ஆண்டுகள் பறந்த ஒருவர் அந்நிறுவனத்தை விட்டு அதனையொத்த வேறொரு நிறுவனத்துக்குச் சென்றால், அங்கு நிரலின் அடியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டி நேரலாம்.

எனவே, சேவைமூப்பு என்பது விமானியைப் பொறுத்தவரை வெறும் மதிப்பு அன்று. ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த சொத்தாகும். அச்சொத்தை விற்கவும் இயலாது. வேறிடத்துக்கு மாற்றவும் இயலாது. இரு நிறுவனங்கள் இணையும்போது இரு நிரல்களை ஒன்றாக்க வேண்டியுள்ளது. அப்போது ஒருவர் ஓரிடம் மேலே செல்வதாயின் இன்னொருவர் ஓரிடம் கீழே இறங்கியே ஆகவேண்டும். ஊதியப் பிணக்கில் முதலாளி சிறிது விட்டுக்கொடுத்தால் எல்லாத் தொழிலாளரும் பயனடையலாம். சேவைமூப்புப் பிணக்கிலோ ஒரு தொழிலாளி பெறுவதை இன்னொரு தொழிலாளியே இழக்கின்றான். இப்பிணக்குகள் ஏனையவற்றிலும் பார்க்கக் கசப்பு மிக்கனவாய் அமைவதற்குரிய காரணம் இதுவே.

முன்வரலாறு

இந்திய விமானசேவையின் தொடக்கம் 1932 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15 ஆம் திகதிக்குச் செல்கின்றது. அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானத்தைச் செலுத்தினார். அவரது கூட்டாளியான நெவில் வின்சென்ட் அதனைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். 1938 ஆம் ஆண்டில் இத்தபால்வழி கொழும்பு வரை நீட்டப்பட்டது. இரத்மலானை விமான நிலையம் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே திறக்கப்பட்டிருந்தது. 1946 இல் டாட்டா விமானசேவை எயர் இந்தியா என்னும் பெயரில் பொதுக் கொம்பனியாயிற்று. 1948 இல் எயர் இந்தியா இன்டர்நஷனல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறக்கத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரின் பின் இந்தியாவில் விமானக் கொம்பனிகள் பல முளைத்தன. போர் முடிந்து மலிவாகக் கிடைத்த டக்கோட்டா விமானங்களை வாங்கி அவை போட்டியிட்டன, போட்டியில் நலிவுற்றன. 1953 ஆம் ஆண்டின் விமானக் கூட்டுத்தாபனங்கள் சட்டம் இவற்றைத் தேசியமயமாக்கியது. வெளிநாட்டுச் சேவை எயர் இந்தியா இன்டர்நஷனல் என்னும் ஒரு கூட்டுத்தாபனத்திடமும், உள்நாட்டுச் சேவை இந்தியன் எயர்லைன்ஸ் என்னும் மற்றொரு கூட்டுத்தாபனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. டெக்கான் எயர்வேஸ், எயர்வேஸ் இந்தியா, பாரத் எயர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா எயர்லைன்ஸ், இந்தியன் நஷனல் எயர்வேஸ், எயர் சேர்விஸஸ் ஒஃப் இந்தியா, எயர் இந்தியாவின் உள்நாட்டுப் பிரிவு ஆகிய எட்டும் இந்தியன் எயர்லைன்ஸில் கலந்தன. பழைய கொம்பனிகளின் ஊழியர்கள் தம் தொழில் நிபந்தனைகளோடு புதிய கூட்டுத்தாபனத்தின் ஊழியராவர் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடாகும்.

1953 ஆம் ஆண்டு இணைப்புக்கும் 2007 ஆம் ஆண்டு இணைப்புக்கும் இடையே முக்கியமான வேறுபாடொன்று உண்டு. முன்னையதில் ஒன்றுசேர்ந்த விமானங்களுட் பெரும்பாலானவை டக்கோட்டாக்களே. ஹைதராபாத்தில் அதனைச் செலுத்திய விமானியும் கல்கத்தாவில் அதனைச் செலுத்திய விமானியும் செய்த தொழில் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அவர்களை ஒப்பிடுவதற்குப் பொது அளவுகோலொன்று இருந்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளின் பின் அத்தகைய அளவுகோல் இல்லாதுபோயிற்று. இரு கூட்டுத்தாபனங்களும் இரு வேறு உலகங்களாக வளர்ந்துவிட்டமையே அதற்குக் காரணம். எயர் இந்தியா நெடுந்தூரம் செல்லும் பெரிய போயிங் விமானங்களைச் சார்ந்து நின்றது. இந்தியன் எயர்லைன்ஸ் 1989 ஆம் ஆண்டு முதல் எயர்பஸ் ஏ-320 விமானங்களைப் பெற்று உள்நாட்டிலும் அயல்நாடுகளிலும் குறுந்தூரச் சேவைகளை நடத்தியது. விமானிகளின் சங்கங்களும் இரண்டாயின. எயர் இந்தியா விமானிகளை இந்திய விமானிகள் கில்ட்டும், இந்தியன் எயர்லைன்ஸ் விமானிகளை இந்திய வர்த்தக விமானிகள் சங்கமும் பிரதிநிதித்துவப்படுத்தின.

2007 ஆம் ஆண்டு இணைப்பு

இரு நிறுவனங்களும் 2005 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2006 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பெருந்தொகையான விமானங்களுக்குக் கட்டளையிட்டன. எயர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கும், இந்தியன் எயர்லைன்ஸ் 43 எயர்பஸ் விமானங்களுக்கும் ஒப்பந்தம் செய்தன. எயர் இந்தியாவின் கட்டளையில் 27 விமானங்கள் ட்ரீம்லைனர் எனப்படும் போயிங் 787 வகையைச் சேர்ந்தன. பின்னர் எழுந்த போராட்டத்தின் மையப்பொருளாக அமைந்தமையால் இவ்விமானம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வாறு தனித்தனியே கட்டளையிட்ட பின்னரே இரண்டையும் இணைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. 2007 மார்ச்சில் அமைச்சரவை இசைவளித்தது. இந்தியத் தேசிய விமானக் கொம்பனி என்ற புதிய நிறுவனம் உருவாக்கப்பட்டு, 2007 ஓகஸ்ட் 27 ஆம் திகதி இணைப்பு நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரபுல் பட்டேல் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தார். 2010 இல் இந்நிறுவனம் எயர் இந்தியா என்னும் பெயரையே மீண்டும் ஏற்றது. பெயர் ஒன்றாயிற்று, விமானங்களின் வாலிற் பொறித்த சின்னம் ஒன்றாயிற்று. விமானிகளின் நிரல் மட்டும் இரண்டாகவே இருந்தது. ஊதிய முறையும் இரண்டாகவே தொடர்ந்தது.

இந்தியக் கணக்காய்வாளர் தலைமையதிபதி 2011 இல் வெளியிட்ட அறிக்கை இவ்விணைப்பின் காலப்பொருத்தத்தைக் கண்டித்தது. இணைவதாயின் பெருங் கட்டளைகளுக்கு முன்னரே இணைந்திருக்க வேண்டும் என்பது அக்கண்டனத்தின் சாரங்களுள் ஒன்றாகும். விமானங்களைப் பற்றிய இக்கூற்று மனிதருக்கும் பொருந்தும். நிரலை ஒன்றாக்கும் முறையை முன்கூட்டியே வகுக்காது நிறுவனத்தை ஒன்றாக்கியமையே இணைப்பின் அடிப்படைக் குறைபாடு எனலாம். நிரலைத் தயாரிக்காத ஒவ்வோர் ஆண்டும் இரு திறத்தாரின் அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் வளர்த்தது.

இரு வேலைநிறுத்தங்கள்

முதலில் வெடித்தது இந்தியன் எயர்லைன்ஸ் திறத்தாரின் குறையாகும். ஒரே கொம்பனியின் ஊழியராகிய பின்னரும் தமக்கும் எயர் இந்தியா விமானிகளுக்கும் இடையே ஊதிய வேறுபாடு நிலவுவதாக அவர்கள் முறையிட்டனர். பறக்கும் மணித்தியாலங்களைப் பொறுத்துத் தம் வருமானத்தின் பெரும்பகுதி அமைகின்றது என்றும், மற்றவர்களுக்கோ குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கான கொடுப்பனவு உறுதியளிக்கப்பட்டுள்ளது என்றும் சுட்டிக்காட்டினர். 2011 ஏப்ரல் 27 ஆம் திகதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 800 விமானிகள் ஈடுபட்டனர். நிர்வாகம் அவர்களது சங்கத்தின் அங்கீகாரத்தை நீக்கியது. டில்லி உயர்நீதிமன்றம் பணிக்குத் திரும்புமாறு பணித்தது. பத்து நாட்களின் பின், மே 6 ஆம் திகதி அப்போராட்டம் முடிவுற்றது.

இதனையடுத்து, உச்சநீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர் டி. எம். தர்மாதிகாரி தலைமையில் நால்வர் கொண்ட குழுவொன்று நியமிக்கப்பட்டது. ஊதியம், பதவியுயர்வு, சேவைமூப்பு ஆகியவற்றை இரு திறத்தாருக்கும் பொதுவாக ஒழுங்குபடுத்தும் வழிகளைப் பரிந்துரைப்பது அதன் பணியாகும். 2012 ஜனவரி இறுதியில் அக்குழு தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. இணைப்பு நிகழ்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலான பின்னரே, இணைப்புக்கு முன் கேட்டிருக்க வேண்டிய வினாவுக்கு விடை தேடப்பட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அறிக்கை வெளிவந்த சில மாதங்களில் இரண்டாம் போராட்டம் எழுந்தது. இம்முறை எழுந்தவர்கள் எயர் இந்தியா திறத்தார். விரைவில் வந்துசேரவிருந்த ட்ரீம்லைனர் விமானங்களைச் செலுத்துவதற்கான பயிற்சிக்கு இரு திறத்து விமானிகளையும் சமமாக அனுப்ப நிர்வாகம் தீர்மானித்திருந்தது. இவ்விமானங்கள் இணைப்புக்கு முன் எயர் இந்தியாவால் கட்டளையிடப்பட்டவை. அவற்றை எதிர்பார்த்தே தம் பதவியுயர்வு அமைந்துள்ளது. ஆதலின் அப்பயிற்சி தமக்கே உரியது என்பது கில்ட்டின் வாதமாகும். பயிற்சி பற்றிய வழக்கு நீதிமன்றங்களுக்கும் சென்றிருந்தது. 2012 மே 8 ஆம் திகதி முதல் விமானிகள் சுகவீன விடுப்பு என்று அறிவித்துப் பணிக்கு வராதிருந்தனர். மறுநாளே டில்லி உயர்நீதிமன்றம் அவ்வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. கில்ட்டின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. 101 விமானிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அப்போது பொறுப்பிலிருந்த அமைச்சர் அஜித் சிங். வெளிநாட்டுச் சேவைகள் பல நிறுத்தப்பட்டு, எஞ்சியவை இடைக்கால அட்டவணைப்படி நடத்தப்பட்டன. 58 நாட்கள் நீடித்த அப்போராட்டம், டில்லி உயர்நீதிமன்றத்தின் முன் எட்டப்பட்ட இணக்கத்தின்படி 2012 ஜூலை 3 ஆம் திகதி முடிவுற்றது. நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 600 கோடி ரூபா எனக் கணிக்கப்பட்டது. முதலாவது ட்ரீம்லைனர் அவ்வாண்டு செப்ரெம்பரில் டில்லியில் இறங்கியது.

நியாயம் எப்பக்கம்?

இப்போராட்டத்தை நோக்கிய பலர், நல்ல ஊதியம் பெறுவோரின் பேராசை என அதனை ஒதுக்கினர். பயணிகள் அடைந்த துன்பத்தை நோக்கின் அக்கோபம் இயல்பானதே. ஆயினும் வரலாற்று மாணவன் கோபத்தோடு நின்றுவிடலாகாது. பிணக்கின் உட்பொருளை விளங்கிக்கொள்வதற்கு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்க்கலாம்.

ஒரே ஆண்டில், ஒரே நாளில், ஒத்த தகுதியுடைய இரு இளைஞர்கள் துணை விமானிகளாகச் சேர்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் இந்தியன் எயர்லைன்ஸிலும் மற்றவர் எயர் இந்தியாவிலும் சேர்கின்றனர். முன்னைய நிறுவனத்தில் விமானங்கள் சிறியன, எண்ணிக்கையிற் கூடியன. ஆதலால் தலைமை விமானிப் பதவிகள் விரைவில் வெற்றிடமாகின்றன. அவர் சில ஆண்டுகளிலேயே தலைமை விமானியாகின்றார். பின்னைய நிறுவனத்தில் விமானங்கள் பெரியன, எண்ணிக்கையிற் குறைந்தன. அவர் பெருங்கடல்களைக் கடந்து பறந்த போதிலும், நீண்டகாலம் துணை விமானியாகவே இருக்கின்றார். இப்போது இரு நிறுவனங்களும் இணைகின்றன. சேர்ந்த நாளை அளவுகோலாகக் கொண்டால் இருவரும் சமம். பதவியை அளவுகோலாகக் கொண்டால் முதலாமவர் மேலானவர். செலுத்திய விமானத்தின் பருமனை அளவுகோலாகக் கொண்டால் இரண்டாமவர் மேலானவர். மூன்று அளவுகோல்களுமே நியாயமானவை. ஆனால் மூன்றும் மூன்று விடைகளைத் தருகின்றன.

ட்ரீம்லைனர் வந்தபோது இந்த முரண்பாடு வெளிப்பட்டது. முதலாமவர் தலைமை விமானியாகவே அப்புதிய விமானத்தில் ஏறினால், அவ்விடத்துக்காகக் காத்திருந்த இரண்டாமவரின் காத்திருப்பு மேலும் நீளும். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்த கதையாகவே அவர் அதனைக் கருதுவார். மறுபுறம், ஒரே கொம்பனியின் புதிய விமானத்திலிருந்து தம்மை விலக்கி வைத்தால், தாம் இரண்டாந்தர ஊழியரே என முதலாமவர் கருதுவார். இணைப்பின் சுமையைத் தாங்கிய தமக்கு அதன் பயனில் பங்கில்லையா என அவர் வினவுவார். இருவர் வினாவிலும் நியாயம் உண்டு. அந்நியாயங்களைச் சந்திக்கவைக்கும் மேடை உரிய காலத்தில் அமைக்கப்படவில்லை என்பதே குறை.

அதேவேளை, நியாயமான கோரிக்கை எவ்வழியையும் நியாயமாக்கிவிடாது. சுகவீனம் என்று கூறி விலகியமையும், நீதிமன்றத் தடையின் பின்னும் போராட்டத்தைத் தொடர்ந்தமையும் கில்ட்டின் மீதிருந்த பொதுமக்களின் பரிவைக் குறைத்தன. கோடை விடுமுறைக் காலத்தில் விமான நிலையங்களிற் காத்துக்கிடந்தோருக்குச் சேவைமூப்பு நிரல் பற்றி யாரும் விளக்கவில்லை. ஒரு சங்கம் தன் உறுப்பினருக்கு மட்டுமன்றி, தன் தொழிலால் பயன்பெறும் மக்களுக்கும் ஓரளவு பதில் கூறக் கடமைப்பட்டுள்ளது.

பிறநாட்டு அனுபவம்

இத்தகைய பிணக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் அலெகெனி, மோஹோக் ஆகிய விமான நிறுவனங்கள் 1972 இல் இணைந்தபோது, சேவைமூப்பு நிரல்கள் நியாயமாகவும் சமத்துவமாகவும் இணைக்கப்பட வேண்டும், இணக்கம் ஏற்படாவிடின் நடுத்தீர்ப்புக்கு விடப்பட வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. 2001 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் டிரான்ஸ் வேர்ல்ட் எயர்லைன்ஸை வாங்கியபோது, வாங்கப்பட்ட நிறுவனத்தின் விமானிகளுட் பெரும்பகுதியினரும், விமானப் பணியாளர் அனைவரும் நிரலின் அடியிற் சேர்க்கப்பட்டனர். நீண்டகாலம் உழைத்தோர் புதியோரின் கீழ் நின்றனர். ஆட்குறைப்பு வந்தபோது அவர்களே முதலில் வெளியேறினர். இவ்வநீதிக்கு எதிரான முயற்சியின் விளைவாக 2007 ஆம் ஆண்டில் மக்காஸ்கில் – பொண்ட் சட்டம் இயற்றப்பட்டு, 1972 ஆம் ஆண்டு விதியின் பாதுகாப்பு சட்ட வலிமை பெற்றது.

நடுத்தீர்ப்பும் எல்லா நோய்க்கும் மருந்தன்று என்பதை யூ. எஸ். எயர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் ஆகியவற்றின் 2005 ஆம் ஆண்டு இணைப்புக் காட்டுகின்றது. நடுவர் ஜோர்ஜ் நிக்கலோ 2007 இல் வழங்கிய தீர்ப்பு, யூ. எஸ். எயர்வேஸின் மிக மூத்த விமானிகளை உச்சியில் வைத்தது. ஆனால் ஆட்குறைப்பால் வீட்டிலிருந்தோரை, நீண்ட சேவை உடையோராயினும், அமெரிக்கா வெஸ்டில் அப்போது பறந்துகொண்டிருந்தோரின் கீழ் வைத்தது. தொழிலை இழந்து நின்றவர் இணைப்பின் காரணமாக மூப்பை மீளப்பெறலாகாது என்பது அதன் தர்க்கம். எண்ணிக்கையிற் கூடிய யூ. எஸ். எயர்வேஸ் விமானிகள் அதனை ஏற்கவில்லை. 2008 இல் புதிய சங்கமொன்றை அமைத்துப் பழைய சங்கத்தையே வெளியேற்றினர். ஆண்டுகள் பல வழக்கிற் கழிந்தன. 2013 இல் அந்நிறுவனம் அமெரிக்கன் எயர்லைன்ஸோடு இணைந்த பின், 2016 இல் புதிய நடுவர் குழுவொன்றின் தீர்ப்பினாலேயே ஒரே நிரல் உருவாயிற்று. சிறந்த நடுவர் வகுத்த நிரலும், அதன் கீழ் வாழ வேண்டியவர்கள் ஏற்காதவிடத்துக் காகிதமாகவே எஞ்சும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வனுபவங்களிலிருந்து இணைப்பு முறைகள் சில உருவாகியுள்ளன. சேர்ந்த நாளின்படி இரு நிரல்களையும் கோத்தல் ஒன்று. பதவியும் விமான வகையும் நோக்கி விகிதாசாரப்படி கோத்தல் இன்னொன்று. நிரல் ஒன்றாயினும், ஒவ்வொரு திறத்தாரும் முன்பு செலுத்திய விமானங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அவர்களுக்கே ஒதுக்கி வேலியிடுதல் மூன்றாவது. மூன்றாவது முறை நிரந்தரத் தீர்வன்று. பழைய எதிர்பார்ப்புக்கள் ஆறி அடங்குவதற்குக் காலம் வாங்கும் வழியாகும். ட்ரீம்லைனர் விடயத்தில் இந்தியாவில் கைக்கொள்ளப்பட்டது சரிபாதி முறை. அது எளியது, நிர்வாகத்துக்கு வசதியானது. ஆனால் காத்திருந்தவரின் பதவியுயர்வுக்குக் கால வரையறை கூறும் உறுதிமொழியொன்று அதனுடன் முன்கூட்டியே இணைக்கப்பட்டிருப்பின், எதிர்ப்பின் கூர்மை குறைந்திருக்கக் கூடும்.

கல்லோயாவின் பாடம்

அம்பாறைக் கரையோரத்தவருக்கு இப்பிரச்சினையை விளங்கவைக்க அமெரிக்காவரை செல்ல வேண்டியதில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் ஒருவகையில் இணைப்பே. இங்கினியாகலையில் ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டபோது, கரையோர மக்கள் வழிவழியாகச் செய்கை பண்ணிய பழைய வட்டைகளும், மேற்கே புதிதாகக் குடியேற்றப்பட்ட நிலங்களும் ஒரே நீர்த்தேக்கத்தைச் சார்ந்து நின்றன. காலத்தால் முந்தியோர் பலர் வாய்க்காலால் பிந்தியோராயினர். தலைமடையில் இருப்பவன் தன் வயலுக்கு மிதமிஞ்சிப் பாய்ச்சினால், கடைமடையில் இருப்பவன் வரண்ட வயலைப் பார்த்திருக்க வேண்டியதே. அவனுடைய குடும்பம் எத்தனை தலைமுறையாக அந்நிலத்தை உழுதது என்பது நீருக்குத் தெரியாது.

இந்நிலையைச் சீர்செய்ய 1981 ஆம் ஆண்டு முதல் இடதுகரைப் பகுதியில் விவசாயிகள் வாய்க்கால் தோறும் சிறு குழுக்களாக அமைக்கப்பட்டனர். அவர்கள் தாமே கூடிப் பேசி, வாய்க்கால்களைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சினர்; மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். ஆண்டாண்டாகத் தீராதெனக் கருதப்பட்ட பூசல்கள் பல அதனால் தணிந்தன. நீரின் அளவு கூடியதால் அன்று. முறையை வகுப்பதில் அம்முறைக்கு உட்படுவோரும் பங்குகொண்டதால் அது நிகழ்ந்தது. அதிகாரி எழுதி ஒட்டிய அட்டவணைக்கும், வட்டையிற் கூடி இணங்கிய முறைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவாகும். எயர் இந்தியாவில் இரு சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து இத்தகைய முறையொன்றை 2007 இலேயே வகுத்திருப்பின், 2012 ஆம் ஆண்டின் 58 நாட்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம்.

பின்னிகழ்வுகள்

பிணக்கின் பிற்காலம் சிந்தனைக்குரியது. 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஊதியக் குறைப்பு அறிவிக்கப்பட்டபோது, முன்பு எதிரெதிராக நின்ற கில்ட்டும் வர்த்தக விமானிகள் சங்கமும் கூட்டாகக் கடிதம் எழுதி அதனை எதிர்த்தன. இருவருக்கும் பொதுவான இழப்பு வந்தபோது பழைய எல்லைக்கோடு மங்கியது. 2022 ஜனவரி 27 ஆம் திகதி எயர் இந்தியா டாட்டா குழுமத்திடம் மீண்டது. 2024 நவம்பர் 12 ஆம் திகதி விஸ்தாரா என்னும் விமான நிறுவனம் அதனுடன் இணைக்கப்பட்டது. அவ்விணைப்புக்கு முன்பே, 2024 ஏப்ரலில், புதிய ஊதிய ஒப்பந்தத்தை விரும்பாத விஸ்தாரா விமானிகள் பலர் பணிக்கு வராமையால் விமானங்கள் பல இரத்தாயின. உடைமை அரசிடமிருந்து தனியாரிடம் மாறினும் இணைப்பின் மனிதப் பிரச்சினை மாறவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கையும் இவ்வனுபவத்துக்கு அந்நியமானதன்று. 1958 இல் தனியார் பஸ் கொம்பனிகள் யாவும் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் ஒன்றாக்கப்பட்டன. 2016 இல் மிஹின் லங்கா தன் சேவைகளை நிறுத்தி, அதன் பணிகள் சிறீலங்கன் எயர்லைன்ஸின் கீழ் வந்தன. அரச நிறுவனங்களை ஒன்றாக்குவது, பிரிப்பது, தனியாருக்கு விற்பது என்பன பற்றி இந்நாட்டில் அடிக்கடி பேசப்படுகின்றது. அப்பேச்சில் கடன் எவ்வளவு, சொத்து எவ்வளவு என்ற கணக்குக்களோடு, ஊழியரின் நிரல் எவ்வாறு அமையும் என்ற வினாவும் முதல் நாளிலேயே எழுப்பப்படுதல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், எயர் இந்தியாவின் வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, சேவைமூப்பு உழைப்பாளி தன் வாழ்நாளைக் கொடுத்துப் பெற்ற சொத்தாதலின், இணைப்பில் அதற்கும் மதிப்பிடப்பட வேண்டும். இரண்டாவது, சேர்ந்த நாள் என்ற ஒரே அளவுகோல் நடுநிலையானதாகத் தோன்றினும், வேறுபட்ட சூழலில் வளர்ந்தோர்க்கு அது வேறுபட்ட பயனையே தரும். மூன்றாவது, நிரலை வகுக்கும் பணி, அந்நிரலில் நிற்கப்போவோரின் பங்களிப்போடு, இணைப்புக்கு முன்னரே நிறைவு செய்யப்பட வேண்டும். இம்மூன்றையும் புறக்கணித்ததன் விலையைப் பணிநீக்கம் செய்யப்பட்ட விமானிகளும், இழப்புற்ற நிறுவனமும், வேற்றூர் விமான நிலையத்தில் பெட்டியோடு காத்திருந்த சாதாரண பயணியும் ஒருங்கே செலுத்தினர்.